விவாகரத்தில் வீட்டுக்கடன், நகை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பொள்ளாச்சியில் பிறந்து கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு வாழ வந்தவள் நான். பரஸ்பர சம்மதத்தில் பிரிவதென்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். வீட்டையும் கடனையும் எப்படிப் பிரிப்பது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுப் பத்திரம், இங்கே ஆதாரம் என்பார்களே, அது அவர் பெயரில் மட்டும். கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விவாகரத்து ஆனாலும் தவணை நின்றால் என்னிடமும் கேட்போம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். முன்பணத்துக்காக அடகு வைத்தது என் 22 பவுன். சீட்டு அவர் பெயரில். அம்மா போட்ட காசுமாலையும் இரட்டைவடமும் கல்யாண ஆல்பத்தில் தெளிவாகத் தெரிகின்றன. ரசீது மூன்றுதான் இருக்கிறது.

மனைவியின் சீதனத்தில் கணவனுக்குக் கூட்டு உரிமை இல்லை என்று 2024இல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியும். ஆனால் வீடு? பாதிக்குப் பாதி என்று நம் சட்டத்தில் இல்லை, பணம் போட்டதைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். ஆறு வருடமாகப் பாதித் தவணை என் சம்பளத்தில் போனது பாஸ்புக்கில் வரிவரியாக இருக்கிறது. அது போதுமா?

அப்புறம், கடனை அவரே அடைப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் சரியா, இல்லை வங்கி என் பெயரை எடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டுமா? பாலக்காட்டில் தமிழ் தெரிந்த குடும்ப வழக்கு வக்கீல் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மலையாளம் பேசுவேன், படிக்க வராது.