அம்பாந்தோட்டை: சீனா பிடுங்கியதா, இலங்கையே கொடுத்ததா?

முத்துநகரான்:
எங்கள் பக்கம் கந்துவட்டிக்காரர்கள் செய்வதைத்தான் சீனா நாடுகளிடம் செய்கிறது. கட்ட முடியாது என்று தெரிந்தே கடன் கொடுப்பான், தவணை தவறியதும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பான். அம்பாந்தோட்டைத் துறைமுகம் கட்டக் கடன் கொடுத்தார்கள், கப்பல் வரவில்லை, இலங்கையால் கட்ட முடியவில்லை. 2017-ல் 99 வருடக் குத்தகைக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். இல்லை என்று சொல்பவர் யாராவது இருந்தால் வரலாம்.

வட்டிக்கணக்கு:
வந்துவிட்டேன். வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் கணக்கு மட்டும் பேசுகிறேன்.

பத்திரம் கைமாறினால் கடன் தீர வேண்டும், இல்லையா? இங்கே தீரவே இல்லை. கடன் கொடுத்தது சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்ஸிம். குத்தகைக்கு எடுத்தது சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் என்ற நிறுவனம். அது கொடுத்த 112 கோடி டாலர் இலங்கையின் டாலர் கையிருப்பில் போய்ச் சேர்ந்தது. துறைமுகக் கடன் அப்படியே அரசின் தலையில் இருந்தது. வீட்டுக் கடனை அடைக்காமல், வீட்டை இன்னொருவருக்கு ஒத்திக்கு விட்டு, வந்த பணத்தை வேறு கடன்களுக்கு வைத்துக்கொண்ட கதை இது. தவணை தவறியதும் இல்லை. இலங்கை முதன்முதலில் கடன் கட்டாமல் நின்றது 2022-ல்.

கந்துவட்டி என்கிறீர்கள். 2007-ல் எக்ஸிம் கொடுத்த 30.7 கோடி டாலருக்கு வட்டி 6.3 சதவீதம். அதே வருடம் இலங்கை தன் முதல் சர்வதேசக் கடன்பத்திரத்தை விற்று 50 கோடி டாலர் வாங்கியது. அதற்கு 8.25 சதவீதம். இதில் கந்துவட்டிக்காரன் யார்?

முத்துநகரான்:
எக்ஸிமும் மெர்ச்சன்ட்ஸும் இரண்டுமே சீன அரசுடையவை. இந்தக் கை கொடுத்தது, அந்தக் கை எடுத்தது. இதற்கு இரண்டு பெயர் வைத்துக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

அப்புறம் 2022 ஆகஸ்டில் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் சீனக் கப்பல் யுவான் வாங் 5 அங்கே வந்து நின்றதே? இந்தியா எதிர்த்தது, கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொன்னது, கடைசியில் கப்பல் வந்துவிட்டது. வியாபாரத் துறைமுகத்தில் அதற்கு என்ன வேலை?

கொட்டாஞ்சேனை:
இரண்டு அண்ணைமாரும் எங்களைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள், அதனால் கொழும்பில் இருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

2022-ல் வெறும் காஸ் சிலிண்டரைத் தெருவோரம் வரிசையில் வைத்து, யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கப் பக்கத்துச் சிலிண்டரோடு சேர்த்துச் சங்கிலி போட்டுவிட்டு வேலைக்குப் போனவன் நான். பின்னேரம் வந்து பார்த்தால் சங்கிலி அப்படியே இருக்கும், லொறி வந்திருக்காது. நாட்டில் டொலர் இல்லை. அந்த வருடம் ஜனவரியில், மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் தேடித் திரிந்த நேரத்தில், 500 மில்லியன் டொலர் பிணைமுறி (நீங்கள் சொல்லும் கடன்பத்திரம்) ஒன்றுக்கு முழுக் காசையும் அரசாங்கம் கட்டியது. அந்தக் காசை வாங்கியது சீனா இல்லை, மேற்கு நாட்டு முதலீட்டு நிதிகள் போன்றவர்கள். எங்கள் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தப் பிணைமுறிகள். சீனாவின் பங்கு எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒன்று அளவுதான். 2019 முடிவில் வற் (VAT) வரியை 15-இல் இருந்து 8 ஆகக் குறைத்ததும் சீனா இல்லை.

ஆனால் வட்டிக்கணக்கு அண்ணையும் அவ்வளவு சந்தோசப்பட வேண்டாம். துறைமுகத்தை 2010 நவம்பர் 18-இல் திறந்தார்கள். அப்போதைய ஜனாதிபதி மகிந்தவின் பிறந்தநாள். அப்போது வாசலில் ஒரு பெரிய பாறை இருந்தது, பெரிய கப்பல் உள்ளே வர வழியில்லை. அதை உடைக்க இன்னும் 40 மில்லியன் டொலர். தலைவருக்குப் பிறந்தநாள் பரிசு, எங்களுக்குப் பில். கேள்வி கேட்காமல் காசு கொடுத்தவனுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

வட்டிக்கணக்கு:
சரி, அதை மறுக்கவில்லை. அரசியல்வாதியின் ஆசைக்குக் கடன் கொடுப்பது மோசமான வங்கித்தொழில். ஆனால் மோசமான வங்கித்தொழில் வேறு, சதி வேறு. அதே சைனா மெர்ச்சன்ட்ஸ் கொழும்பில் 85 சதவீதப் பங்கோடு நடத்தும் கொள்கலன் முனையம் நன்றாக ஓடுகிறது. அங்கே யாரும் கடன் பொறி என்று சொல்வதில்லை. கப்பல் விஷயத்திலும் அனுமதி கொடுத்தது கொழும்பில் இருக்கும் அரசுதான்.

கிள்ளான்வாசி:
மலேசியாவில் இருந்து ஒரு வார்த்தை. இங்கே கிழக்குக் கரை ரயில் திட்டத்துக்கும் சீன எக்ஸிம் கடன், கட்டுவதும் சீன நிறுவனம். 2018-ல் மகாதீர் பிரதமராக வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி பேரம் பேசினார். 6,550 கோடி ரிங்கிட் என்றிருந்தது 2019 ஏப்ரலில் 4,400 கோடிக்கு இறங்கியது. பேசினால் குறைப்பார்கள்.

முத்துநகரான்:
கிள்ளான்வாசி, நீங்கள் என் கட்சிக்குத்தான் பேசியிருக்கிறீர்கள். பேரம் பேசியதும் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது என்றால் முதலில் சொன்ன விலை என்ன விலை? பாதையைச் சுருக்கினார்கள், மாற்றினார்கள் என்பீர்கள், இருக்கட்டும். பேரம் பேசத் தெரியாத நாடு என்ன செய்யும்?

‘பிடுங்கினார்கள்’ என்ற சொல்லை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், மெர்ச்சன்ட்ஸ் பணம் கொடுத்திருக்கிறது. ஆனால் என் கோபம் இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. எய்ட்டேட்டா என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் 24 நாடுகளோடு சீனா போட்ட 100 கடன் ஒப்பந்தங்களைப் படித்து 2021-ல் வெளியிட்டார்கள். 2014-க்குப் பிறகு சீன அரசு வங்கிகளும் நிறுவனங்களும் போட்டவற்றில் எல்லாவற்றிலும் ரகசியக் காப்பு உண்டு. பல ஒப்பந்தங்களில், கடன் கொடுத்த நாடுகள் கூடிப் பேசும் பாரிஸ் கிளப் வழியாக, மற்றக் கடன்களோடு சேர்த்துத் தள்ளுபடி கேட்கக்கூடாது என்றும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். கடன் வாங்கியவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் வைக்க வேண்டிய கடன் எப்படிப்பட்ட கடன்?

அதனால் வந்த தாமதத்தைப் பாருங்கள். ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) அதிகாரிகள் 2022 செப்டம்பரிலேயே இலங்கையோடு உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கடன் கொடுத்த நாடுகள் கடனைத் தளர்த்துவோம் என்று உறுதி தந்தால்தான் பணம் வரும். இந்தியா 2023 ஜனவரியில் உறுதிக் கடிதம் கொடுத்தது. சீனா சரியான கடிதம் கொடுக்க மார்ச் ஆகிவிட்டது.

வட்டிக்கணக்கு:
ரகசியக் காப்பு தப்புதான், அதில் உங்களோடு சண்டை இல்லை. தாமதத்தில் மட்டும் முழுக் கதையையும் சொல்லுங்கள். எக்ஸிம் 2023 அக்டோபரில் சுமார் 420 கோடி டாலர் கடனை மாற்றியமைக்க உடன்பட்டது. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான குழு கையெழுத்திட்டது 2024 ஜூனில். கடன்பத்திரக்காரர்கள் கணக்கை முடித்தது 2024 டிசம்பரில். கடைசியில் வந்தது யார்?

முத்துநகரான்:
முதலில் உடன்பட்டார்கள், சரி. குழுவில் சேராமல் தனி அறையில் உடன்பட்டார்கள். உள்ளே என்ன நிபந்தனை என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கொட்டாஞ்சேனை, காசு கட்டப்போவது நீங்கள், உங்களுக்காவது தெரியுமா?

கொட்டாஞ்சேனை:
எனக்கு எங்கே அண்ணை தெரியும், எனக்கு வற் மட்டும்தான் தெரியும். அது இப்போது 18.

துறைமுகம் இப்போது சும்மா கிடக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் செய்த கார்கள் அங்கே இறங்கி வேறு கப்பல் ஏறுகின்றன. அதோடு 2025 ஜனவரியில் ஜனாதிபதி அநுர பெய்ஜிங் போனபோது சீன எண்ணெய் நிறுவனமான சினோபெக் அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டொலர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கட்ட ஒப்பந்தமானது. இந்த முறை கடன் இல்லை, முதலீடு என்கிறார்கள்.

முத்துநகரான்:
வரிச்சலுகை எவ்வளவு, நிலம் எத்தனை வருடத்துக்கு?

வட்டிக்கணக்கு:
அதற்குத் தனி இழை திறங்கள். ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் முதல் ஆளாக நானும் வருகிறேன்.