நெட்வொர்க் டிஸ்கில் பெரிய ஃபைல் பாதியில் நிற்கிறது

கேள்வி: வீட்டில் நானே சேர்த்துக் கட்டிய நாஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல் வைக்கும் பெட்டி), இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே டேட்டா பதியும் முறை). போட்டோ எல்லாம் ஒழுங்காகப் போகிறது, பெரிய வீடியோ அனுப்பினால் மட்டும் பாதியில் நின்று எரர் வருகிறது, ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே காட்டும் பட்டியல்) 199க்கு நேரே உள்ள எண் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: முதலில் முக்கியமானதை வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். ரெய்டு 1 பேக்கப் ஆகாது, ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும்.

பதில்: 199 என்பது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா கெட்ட கணக்கு, பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான். மாற்றிப் பாருங்கள். பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் சரி. அப்புறம் அதே பட்டியலில் 5 (கெட்டதால் மாற்றப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்கின் சிறு பகுதிகள்), 197 இரண்டையும் பாருங்கள், 197 ஏறினால் படிக்க முடியாத செக்டார்கள் சேர்கின்றன, அந்த டிஸ்கை நம்பாதீர்கள்.

கேட்டவர்: இரண்டும் பூஜ்யம்தான். கேபிள் மாற்றியதும் வீடியோ முழுசாகப் போனது, 199 ஏறவில்லை. மிக்க நன்றி!