நிலத்தடி நீர் ஆய்வுக்குப் பட்டப்பின் படிப்பு: முப்பது பேராசிரியர்களுக்கு எழுதியும் பதில் இல்லை, எங்கே தவறுகிறேன்?

கேள்வி (களுவாஞ்சிகுடி)

அனைவருக்கும் வணக்கம். நான் இரசாயனவியலில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெற்றவள். புவி விஞ்ஞானத் துறையில், குறிப்பாக நிலத்தடி நீர் ஆய்வில், மேற்படிப்புக்குச் செல்ல விரும்பிக் கடந்த ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஐந்தும் மறுத்துவிட்டன. விண்ணப்பிப்பதற்கு முன்னர் ஏறத்தாழ முப்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். இருவர் மட்டும் ஒரு வரியில் நன்றி தெரிவித்தார்கள்.

என் கடிதம் இவ்வாறு தொடங்கியது: “நான் இலங்கையைச் சேர்ந்த பட்டதாரி. சிறுவயது முதலே புவி விஞ்ஞானத்தில் ஆர்வமுடையவள். தங்களது ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்துள்ளன.” வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எங்கள் ஊர்க் கிணறுகள் பன்னிரண்டில் ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் உவர்த்தன்மையை அளந்து இறுதியாண்டு ஆய்வைச் செய்தேன். அதனைத் தன்விவரக் குறிப்பின் கடைசி வரியில் சேர்த்திருந்தேன். ஆங்கிலத் தேர்வில் போதிய புள்ளிகள் உள்ளன. புவிச்சரிதவியலைப் பாடமாகப் படிக்காததுதான் காரணமா?

மறுமொழி (கல்முனை)

தங்கைக்கு வணக்கம். நானும் இதே துறையில் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். புவிச்சரிதவியல் படிக்காதது பெரிய தடையன்று. இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம் படித்தவர்களையும் இத்துறைகள் சேர்த்துக்கொள்கின்றன, தேவையானால் ஓரிரு அடிப்படைப் பாடங்களைச் சேர்ந்த பின் எடுக்கச் சொல்வார்கள். உங்கள் தவறு கடிதத்தில் இருக்கிறது. அந்த நாடுகளில் ஆய்வு மாணவருக்கான கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்தோ கற்பித்தல் உதவியாளர் பணியிலிருந்தோ வருகின்றன. ஆகவே, “இந்த மாணவி எனக்கு வேண்டும்” என்று சொல்ல உள்ளே ஒருவர் இல்லாவிட்டால், நல்ல பெறுபேறுகள் உள்ள விண்ணப்பமும் நகராமல் கிடக்கும்.

அப்படி ஒருவரைச் சொல்லவைக்கக்கூடியது உங்கள் கிணறுகள்தான். மணற்பாங்கான கரையோரத்தில், மழையால் சேர்ந்த நன்னீர், அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றும் கடல்நீரினதை 1.025 என்றும் கொண்டால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது சமநிலைக் கணக்கு. மேலே சிறிது இறைத்தாலும் கீழே உவர்நீர் பெரிதாக ஏறிவிடும் என்பதும் அதே கணக்குத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னர், கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவு செய்வதற்காகத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, சில இடங்களில் உவர் குறையாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல எண்ணத்துடன் செய்த வேலை அது. நிலத்தடியில் நடப்பதை அறிந்தவர்கள் அன்று நம்மிடையே போதிய அளவில் இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணி வருந்துகிறேன். வடகீழ்ப் பருவமழைதான் பின்னர் அந்த வில்லையை மெல்ல நிரப்பியது.

எனவே கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே கிணறுகள் வரட்டும். பன்னிரண்டு கிணறுகள், ஓராண்டு அளவீடு, நீங்கள் கண்ட ஒரு விடயம், விளங்காமல் நிற்கும் ஒரு கேள்வி, அக்கேள்வி அந்தப் பேராசிரியரின் எந்த ஆய்வுடன் பொருந்துகிறது என்பது, அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கும் எண்ணம் அவருக்கு உண்டா என்ற வினா ஆகியவை போதும். முப்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதை விட்டு, ஆறு பேரின் ஆய்வுகளை உண்மையாகவே வாசித்து ஆறு கடிதங்கள் எழுதுங்கள். கவர்ந்தது, ஆர்வம் என்ற சொற்களை முற்றாக நீக்கிவிடுங்கள்.

மறுமொழி (அக்கரைப்பற்று)

அக்கா சொன்னவற்றுடன் காலத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் முடிவடைவதால், பேராசிரியர்களுக்கு ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே எழுதுவது நல்லது. ஆங்கிலத் தேர்வின் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் திகதியைப் பாருங்கள். பரிந்துரைக் கடிதம் தருவோரிடம் குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். என் விண்ணப்பம் ஒன்று, கடிதம் பிந்தியதனால் வாசிக்கப்படாமலே போனது. விண்ணப்பக் கட்டணம் சுமையாயின் விலக்களிக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இடைக் கேள்வி (செங்கலடி)

என்னுடையது மூன்றாண்டுப் பொதுப் பட்டம். நானும் இவ்வாறு விண்ணப்பிக்கலாமா?

மறுமொழி (கல்முனை)

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன, தம்பி. பேராதனையில் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் நடத்தும் முதுமாணிக் கற்கைகளை முதலில் பாருங்கள். ஆய்வுக் கட்டுரையுடன் கூடியதைத் தெரிவு செய்தால் பின்னர் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் அது பலமாகும்.

கேள்வி கேட்டவர் (களுவாஞ்சிகுடி), மூன்று வாரங்களின் பின்

அனைவருக்கும் நன்றி. நான்கு பேருக்குப் புதிதாக எழுதினேன். ஒருவர் இரண்டாம் நாளே பதில் அனுப்பி, கிணறுகளில் நீர்மட்டத்தை எதிலிருந்து அளந்தேன் என்று கேட்டிருக்கிறார். நான் உவர்த்தன்மையை மட்டுமே அளந்தேன், மட்டத்தை அளக்கவே இல்லை. அதை அப்படியே எழுதிவிடலாமா?

மறுமொழி (கல்முனை)

அப்படியே எழுதுங்கள்; உங்களுடன் பேச ஒரு பொருள் இருப்பதனால்தான் அவர் கேட்டிருக்கிறார். அத்துடன் இந்த வாரமே அளக்கத் தொடங்கிவிட்டதாகவும் எழுதக்கூடியவாறு நாளைக்கே நாடாவுடன் புறப்படுங்கள். ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் ஓரிடத்தில் வர்ணத்தால் அடையாளமிட்டு எப்போதும் அங்கிருந்தே அளவெடுங்கள், காலையில் வீட்டார் இறைக்கத் தொடங்கும் முன்னர். மழைகாலத்தில் வாவி நீர் கடலுக்கு வடிவதற்காக முகத்துவாரம் வெட்டப்படும் நாளையும் குறித்து வையுங்கள். வாவி மட்டம் இறங்கும்போது கிணறுகளும் இறங்குகின்றனவா என்று அவர் அடுத்து நிச்சயம் கேட்பார்.

கேள்வி கேட்டவர்

வர்ணமும் தூரிகையும் வாங்கிவிட்டேன், அக்கா. முதல் கிணறு எங்கள் வீட்டினுடையதுதான்.