மேம்பட்ட செவிலியர் பணிக்கான பயிற்சித் திட்டம்: யார் மதிப்பிடுவது?

வணக்கம். இதய நோய் வார்டில் மூத்த செவிலியராக இருக்கிறேன். எம்.எஸ்சி நர்சிங் முடித்தாயிற்று. அடுத்த ஆண்டு மேம்பட்ட செவிலியர் (நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை முடிவும் எடுப்பவர்) பொறுப்புக்குப் போக வேண்டும். அதற்கான வளர்ச்சித் திட்டத்தை இந்த மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார்கள். அங்கேதான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

நேரடி சிகிச்சை, தலைமை, கற்பித்தல், ஆராய்ச்சி என்று இந்தப் பொறுப்புக்குச் சொல்லப்படும் நான்கு தூண்களையும் வைத்து என்னை நானே எடைபோட்டுப் பார்த்தேன். கற்பித்தலில் குறையில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு ஈசிஜி சொல்லித்தருவது நான்தான். ஆராய்ச்சிக்கு, இதயச் செயலிழப்பு நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் திரும்ப வருவதைப் பற்றி ஒரு தணிக்கை தொடங்கியிருக்கிறேன். தலைமை, பரவாயில்லை. ஆன்லைன் கோர்ஸ்களும் நிறையச் செய்தாயிற்று. சான்றிதழ்தான் சேர்கிறது, முடிவெடுக்கும் திறன் கூடியதற்கு அது ஆதாரமாகாதே!

இடிப்பது முதல் தூண். "மூச்சுத்திணறல், கால் வீக்கம், எடை 2 கிலோ கூடுதல், ஃபியூரோசமைடு (நீர் பிரியச் செய்யும் மருந்து) டோஸ் கூட்டப்பட்டது" என்று லாக் புக்கில் எழுதுகிறேன். அந்த முடிவுக்கு நான் எப்படி யோசித்து வந்தேன் என்பதை யாராவது பக்கத்தில் இருந்து பார்த்து மதிப்பிட வேண்டும். இங்கே இந்தப் பொறுப்பில் வேறு யாரும் இல்லை. சரி, மருத்துவரிடமே கேட்கலாம் என்று மினி சி.இ.எக்ஸ் படிவத்தை (நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்து கவனித்து மதிப்பெண்ணும் கருத்தும் எழுதும் படிவம்) கொடுத்தேன். ரவுண்ட்ஸ் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் "நன்று" என்று டிக் அடித்துவிட்டார். கருத்து எழுதும் இடம் காலி. ட்யூட்டி நேரத்தில் இதற்கு ஆள் ஒதுக்க முடியாது என்கிறார் மேட்ரன்.

இதே நிலையில் இருந்தவர்கள், உங்கள் சிகிச்சை முடிவுகளை மதிப்பிட யாரை, எப்படி ஏற்பாடு செய்தீர்கள்?