கேம் நடுவுல அணையுற பழைய லேப்டாப்: நீங்க பார்த்த கேஸைப் போடுங்க

மைனஸ்_வாட்:
சிபியூ ஐ7-7700எச்க்யூ, கிராஃபிக்ஸ் சிப் (ஜிபியூ) ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. கேம் கொஞ்ச நேரம் ஜோரா ஓடும், திடீர்னு கறுப்பு. நீலத் திரை கிடையாது. சிப்போட சூட்டைக் கடத்தற பேஸ்ட் புதுசு, சிபியூ 82 டிகிரியைத் தாண்டல. விண்டோஸ் பதிவேடான ஈவன்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41 (ஒழுங்கா மூடாம அணைஞ்சது), பக்செக்கோட் 0 (நீலத் திரைப் பிழை எதுவும் பதிவாகல). விண்டோஸ் எதையும் எழுதி வைக்கறதுக்குள்ள கரண்ட் போயிருக்கு. சென்சார் அளவுகளைக் குறிக்கற எச்டபிள்யூஇன்ஃபோ பதிவோட கடைசி வரி இன்னும் மனசுல நிக்குது: சார்ஜர் செருகித்தான் இருக்கு, ஆனா சார்ஜ் ரேட் மைனஸ் 21 வாட். லேப்டாப் அடியில இருக்கற லேபிள் 130 வாட் கேக்குது. செருகியிருந்த மாற்றுச் சார்ஜர்ல 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர். பெருக்கினா 90தான். மிச்சத்தைத் தேஞ்சுபோன பேட்டரி கொடுத்துட்டு இருந்திருக்கு. லோடு எகிறும்போது அதோட வோல்டேஜ் படுத்துடும், மெஷினும் படுத்துடும்.

பேட்_அச்சு:
இங்க வேற மாதிரி. கலர் கலரா சதுரங்கள் வரும், படம் உறையும், சத்தம் ஒரே இடத்துல ரர்ர்ர்னு சுத்தும். ஈவன்ட் வியூவர்ல 4101, டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாம நின்னுடுச்சுன்னு. டிடியூங்கற டிரைவர் நீக்கற டூல் போட்டு டிரைவரைத் துடைச்சும் பயனில்ல. ஜிபியூ 72 டிகிரிதான், ஆனா ஜிபியூவோட ஜிடிடிஆர்5 மெமரி தன் சூட்டைச் சொல்லாதே! சூட்டை வாங்கற உலோக ஹீட்சிங்கைத் தூக்கினா, மெமரி சிப்புக்கும் அதுக்கும் நடுவுல சூடு கடத்தற மெத்துனு இருக்கற மத்த பேட்ல எல்லாம் சிப்போட அச்சு சதுரமா பதிஞ்சிருக்கு, ஒண்ணுல மட்டும் வழவழன்னு, அதாவது சிப்பைத் தொடவே இல்ல. சர்வீஸ்ல 1 மி.மீ. இருக்க வேண்டிய இடத்துல 0.5 வெச்சிருக்காங்க.

தூசி_கட்சி:
சார்ஜர், பேட்னு அலையறதுக்கு முன்னாடி தூசியைப் பாருங்கப்பா. ஒரு மெஷின்ல ஃபேன் முழு வேகத்துல கத்துது, வெளிய காத்தே வரல. ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் (காத்து போற மெல்லிய உலோகத் தகடுகள்) நடுவுல கம்பளித் துண்டு மாதிரி தூசி. வெளியிலேருந்து புளோயர் அடிச்சா அது நகரவே நகராது. அடிமூடியைத் திறந்ததும் முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. பேட்டரி உப்பியிருந்தா மத்த வேலை அப்புறம். ஃபேனைத் தனியா எடுத்துட்டு ஃபின்னை பிரஷ்ஷால தள்ளுங்க. ஃபேன்ல காத்தடிக்கும்போது இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், இல்லன்னா தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3னு நம்பர் இருக்கும். கழட்டறது பெரிய நம்பர்லேருந்து, முடுக்கறது ஒண்ணுலேருந்து, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு சுத்து. பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைங்க. லேப்டாப் சிப் மேல மூடி இல்லாத வெறும் சிலிக்கான் டைங்கறதால பேஸ்ட் அதை முழுசா மூடணும். நடுவுல பொட்டு வெச்சா மூலை காஞ்சு கிடக்கும். திறக்க பயமா இருந்தா முதல்ல பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 ஆக்குங்க, டர்போ (சிபியூ தானா வேகத்தை ஏத்திக்கறது) நின்னுடும். அப்ப கேம் அணையாம ஓடினா காரணம் சூடுதான்.

வோல்ட்_சந்தேகம்:
தூசி ப்ரோ, கடைசி வரி தப்பு. டர்போ நின்னா சூடு மட்டுமா குறையுது? வாட்டும் குறையுது, உச்ச வோல்டேஜும் குறையுது. முதல் பதிவுல இருக்கற சார்ஜர் கேஸும் 99ல தப்பிச்சிடும். பார்த்த ஒரு மெஷின்ல 99 போட்டா அமைதி, 100 போட்டா டபிள்யூஎச்இஏ (ஹார்ட்வேர் பிழை) நீலத் திரை. உள்ள சுத்தமா இருந்துச்சு. சிபியூ வோல்டேஜைக் குறைக்க உதவற த்ராட்டில்ஸ்டாப்ல யாரோ என்னைக்கோ வெச்ச மைனஸ் 125 மில்லிவோல்ட் அப்படியே கிடந்துச்சு. சிப்புக்கு வயசாக ஆக அதே வேகத்துக்குக் கொஞ்சம் கூடவே வோல்டேஜ் கேக்கும். மைனஸ் 70க்கு ஏத்தினதும் நீலத் திரை நின்னுச்சு. (2019 டிசம்பர்ல பிளண்டர்வோல்ட்ங்கற இன்டெல் பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்புறம் வந்த பயாஸ் (மதர்போர்டு மென்பொருள்) நிறைய மெஷின்ல இந்த வசதியையே பூட்டிடுச்சு. அந்த பயாஸ் இருந்தா இங்க தேட வேணாம்.) சூடா, வாட்டான்னு பிரிக்கணும்னா பிரைம்95 (சிபியூவுக்கு லோடு) தனியா, ஃபர்மார்க் (ஜிபியூவுக்கு லோடு) தனியா, அப்புறம் ரெண்டும் சேர்த்து ஓட்டுங்க. தனித்தனியா தாங்கி, சேர்ந்தா உடனே செத்தா பவர் பக்கம் போங்க.

ரெண்டாவது_ஸ்லாட்:
ரேமை யாருமே சொல்லலையே? ரேமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86ஐக் காலைல குளிர்ந்த மெஷின்ல ஓட்டினா சுத்தம். கேம் விளையாடி மூடின கையோட பூட் பண்ணி ஓட்டினா சிவப்பு வரி, அதாவது பிழை. ஒவ்வொரு ரேம் குச்சியா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தா குச்சி ரெண்டும் நல்லது. ஹீட்பைப் ஓரமா இருக்கற ஸ்லாட்தான் கோளாறு. இப்ப இன்னொரு ஸ்லாட்ல ஒரே 16 ஜிபி குச்சி. டூயல் சேனல் (ரெண்டு குச்சியும் சேர்ந்து வேலை செய்யறது) போனதால எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) குறைஞ்சுது, அணையல.