இன்ஜின் மாற்றிய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: மைலேஜ் 12லிருந்து 8.5 ஆகக் குறைந்தது ஏன்?

கேள்வி (அடையாறு)
வணக்கம். என் தந்தையார் விட்டுச்சென்ற 1969ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் 1296 சிசி இன்ஜின் பழுதடைந்ததால், பிற்கால மாடலின் 1493 சிசி இன்ஜினையும் அதனுடன் கிடைத்த 3.63 விகித டிஃபரன்ஷியலையும் (சுழற்சியைக் குறைத்துப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) சென்ற மாதம் பொருத்தினோம். பழைய டிஃபரன்ஷியலின் விகிதம் 4.11. கியர்பாக்ஸ், மைல் கணக்கில் காட்டும் மீட்டர், டயர் அளவு, இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) ஆகியவை பழையவையே. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 8.5தான் கொடுக்கிறது. பிளக்குகளில் கரி படிகிறது. சென்னை வெயிலுக்கு நல்லது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைத் தடுக்கும் வால்வு) கழற்றிவிட்டார். எதிலிருந்து தொடங்குவது?

பதில் (அம்பத்தூர்)
ஐயா, கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் மீட்டரைச் சோதியுங்கள். அதன் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், டிஃபரன்ஷியல் 3.63 ஆனதும், அதே தூரத்துக்குக் கேபிள் குறைவாகவே சுழலும்; உண்மையில் 100 ஓடினால் அது 88 என்றே காட்டும். அப்படியானால் உங்கள் 8.5 உண்மையில் 9.6. மீதிக் குறைவுக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை மீண்டும் போடுங்கள். ரேடியேட்டர் சரியாக இருந்தால் நம் ஊர் வெயிலிலும் அது தேவைதான். இன்ஜின் உரிய சூட்டை எட்டாவிட்டால் பெட்ரோல் முழுமையாக ஆவியாகாமல் வீணாகிறது.

பதில் (மயிலாப்பூர்)
கரி படிவதைப் பார்த்தால் சோக் கேபிள்மீதுதான் எனக்குச் சந்தேகம். எஸ்.யூ. கார்பரேட்டரில் சோக்கை இழுத்தால் ஜெட் (பெட்ரோல் வெளிவரும் சிறு குழாய்) கீழிறங்கி, பெட்ரோல் அதிகமாகப் போகும். இன்ஜின் மாற்றும்போது கேபிளை இழுத்துக் கட்டியிருந்தால், ஜெட் முழுமையாக மேலேறாமல், வண்டி எப்போதும் பாதி சோக்கிலேயே ஓடும். இன்ஜின் சூடானபின் கார்பரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறினால் குறைவு. ஜெட்டில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசிகளும் 1296க்கு உரியவை என்பதால், பின்னர் 1493க்கு ஏற்றவற்றைத் தேட வேண்டியிருக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் மட்டும் மைலேஜ் இவ்வளவு விழாது. அதன் ஆற்றல் குறைவு ஏறத்தாழ 7 சதவீதம்தான். ஆனால் பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், அவற்றை எத்தனால் அரிக்கும்.

கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கைபேசியின் ஜி.பி.எஸ். கணக்கில் 40 கிலோமீட்டர், அதாவது 24.9 மைல் ஓட்டியபோது, மீட்டர் 22 மைல்தான் காட்டியது. முன் கார்பரேட்டரின் ஜெட் மேலேறாமல் நின்றிருந்ததால், கேபிளைத் தளர்த்தினேன். தெர்மோஸ்டாட்டை ஞாயிற்றுக்கிழமை பொருத்தி, டேங்கை நிரப்பிப் புதிதாகக் கணக்கெடுக்கிறேன்.