எல்லை தாண்டிய பி.ஆர். வேலையும் படிப்பும்: புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: மக்கள் தொடர்புத் துறையில் (பி.ஆர்.) நாலைந்து வருட அனுபவத்தோடு வெளிநாடு வருபவர் எங்கே தொடங்க வேண்டும்? திரும்பப் படிக்க வேண்டுமா? பழைய ஊடகத் தொடர்புகளும் பழைய கிளையன்ட்களும் கைகொடுக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

பதவிப் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். ‘பி.ஆர்.’ என்று தேடினால் நம்மவர் குழுக்களில் நிரந்தரக் குடியிருப்பு பற்றித்தான் வந்து விழும். அதைவிடப் பெரிய குழப்பம் வளைகுடாவில். அங்கே ‘பி.ஆர்.ஓ.’ என்பவர் விசா, லேபர் கார்டு, அரசு அலுவலகக் காகிதங்களை முடித்துத் தருபவர். ஊடக வேலை தேடுபவர் சி.வி.யில் அந்தப் பெயரைப் போட்டால் வருகிற அழைப்பெல்லாம் வேறு வேலைக்காக இருக்கும். ‘கம்யூனிகேஷன்ஸ்’, ‘மீடியா ரிலேஷன்ஸ்’, ‘கார்ப்பரேட் அஃபேர்ஸ்’ என்ற பெயர்களில் தேடுங்கள்.

குடியேற்ற விண்ணப்பத்துக்குத் தொழில் எண் (அரசின் பட்டியலில் உங்கள் தொழிலுக்கு உள்ள எண்) முக்கியம். கனடாவில் 11202, ஆஸ்திரேலியாவில் 225311. ஆஸ்திரேலிய எண்ணுக்குத் திறன் மதிப்பீடு செய்வது வெட்டாசெஸ் என்ற அமைப்பு. அனுபவக் கடிதத்தில் ‘மேலாளராகப் பணியாற்றினார்’ என்று ஒரே வரி இருந்தால் போதாது. செய்திக்குறிப்பு எழுதியது, செய்தியாளர் சந்திப்பு நடத்தியது, நெருக்கடி நேரத்தில் பதில் தயாரித்தது என்று செய்த வேலைகளை முந்தைய நிறுவனம் வரிவரியாக எழுதித் தர வேண்டும். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

பெரும்பாலான நாடுகளில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. பிரேசில் விலக்கு: 1967 சட்டப்படி பட்டமும் தொழில் மன்றப் பதிவும் வேண்டும். நைஜீரியாவிலும் மக்கள் தொடர்புக் கழகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பதில் 2

பழைய தொடர்புகள் பற்றிக் கேட்டீர்கள். இதில் யாரும் ஏமாறக் கூடாது என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹண்ட் என்ற ஆய்வாளர்கள் 1984இல் இந்தத் தொழிலை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீராமேஷ் என்ற ஆய்வாளர் தென்னிந்திய நிறுவனங்களை ஆராய்ந்தபோது அந்த நான்கில் சரியாக அடங்காத ஒன்றைக் கண்டார். முக்கியமான ஆட்களோடு தனிப்பட்ட நட்பை வளர்த்து, விருந்தோம்பி, தேவைப்படும் நேரத்தில் அந்த நட்பைப் பயன்படுத்துவது. தனிநபர் செல்வாக்கு மாதிரி என்று இதற்குப் பெயர். இப்படி வேலை செய்து பழகியவருக்குப் புது நாட்டில் கை ஒடிந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் அவர் சேர்த்த முதலீடு முழுவதும் ஆட்களிடம் இருக்கிறது. அது விமானம் ஏறாது.

செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் துறையை எழுதும் இருபது முப்பது செய்தியாளர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் கடைசி மூன்று மாதத்தில் எழுதியதைப் படியுங்கள். பிறகு இரண்டு பத்திக்குள் மின்னஞ்சல், அவருடைய வாசகருக்கு இது ஏன் வேண்டும் என்பது முதல் வரியிலேயே. ஐந்நூறு பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினால் உங்கள் முகவரியை ஒதுக்கிவிடுவார்கள். கெட்டுப்போன பெயரை மீட்பது மிகவும் கடினம்.

செய்தியாளருக்குப் பணக் கவர் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு மறந்துவிடுங்கள். பிரிட்டனின் 2010 லஞ்சத் தடைச் சட்டம் தனியார் துறைக்கும் பொருந்தும். பிரிட்டிஷ் நிறுவனத்துக்காக வேறு நாட்டில் கொடுத்தாலும் அந்தச் சட்டம் பாயும்.

பதில் 3

மேலே சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கிளையன்ட் உங்களோடு வந்தால் உண்மையான ஆபத்து இங்கேதான்.

வெளிநாட்டு அரசுக்காகவோ கட்சிக்காகவோ அமெரிக்காவில் விளம்பரமோ ஆலோசனையோ செய்தால் 1938ஆம் ஆண்டின் ஃபாரா (வெளிநாட்டு முகவர் பதிவு) சட்டம் வரும். நவீன பி.ஆரின் முன்னோடி ஐவி லீ, ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னதை 1934இல் காங்கிரஸ் குழு விசாரித்தது. நாஜி பிரசாரம் பற்றிய அந்தக் காலத்து அச்சங்களிலிருந்து பிறந்த சட்டம் இது. ஒப்புக்கொண்ட பத்து நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பரப்பும் ஆவணத்தில் யாருக்காக என்று குறிப்பிட வேண்டும், அதன் பிரதியை 48 மணி நேரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘காசு வாங்கவில்லை, கேட்டார்கள், செய்தேன்’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. வணிக வேலைகளுக்கு விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும்.

ஆஸ்திரேலியாவில் 2018 முதல் இதே மாதிரி ஒரு பதிவேடு இருக்கிறது, கெடு 14 நாள். பிரிட்டனில் 2025 ஜூலை 1 முதல். அங்கே வெளிநாட்டு அரசின் சொல்படி அரசியல் செல்வாக்கு வேலைக்கு ஒப்புக்கொண்டால் பொதுவான கெடு 28 நாள்.

ஐரோப்பாவில் செய்தியாளர் பட்டியலே ஒரு சட்ட விஷயம். பெயர் தெரியும் அலுவலக மின்னஞ்சலும் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் தனிநபர் தகவல். விலைக்கு வாங்கிய பட்டியலாக இருந்தால், அதை எங்கிருந்து பெற்றீர்கள் என்பதை அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் அந்தச் செய்தியாளரிடம் சொல்ல வேண்டும். நீக்கச் சொன்னால் எக்செல் பிரதிகள் உட்பட எல்லா இடத்திலும் நீக்குங்கள். பழைய ஃபைல் ஒன்றில் தங்கிய பெயருக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி அஞ்சல் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பதில் 4

படிப்பு பற்றி. ஐந்து வருட அனுபவம் இருந்தால் முதுகலையை விடத் தொழில் சான்று மலிவு, விரைவு. ஆனால் ஏ.பி.ஆர். என்ற மூன்றெழுத்துச் சான்றை அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கமும் கனடிய மக்கள் தொடர்புச் சங்கமும் தனித்தனியாகத் தருகின்றன. இரண்டும் வேறு வேறு தேர்வுகள். பிரிட்டனில் சி.ஐ.பி.ஆர். என்ற மக்கள் தொடர்புக் கழகம், 2005இல் அரச சாசனம் பெற்றது. ‘சார்ட்டர்ட்’ தகுதி அங்கே மதிக்கப்படும்.

முதுகலைதான் என்று முடிவானால் பாடத்திட்டத்தில் மூன்றைத் தேடுங்கள்: ஊடகச் சட்டம், அளவீடு (வேலையின் பலனை அளப்பது), இன்டர்ன்ஷிப். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் இன்டர்ன்ஷிப் பாடத்தின் பகுதியாக இருக்க வேண்டும், முதல் நாளுக்கு முன்பே கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அனுமதி ஏறியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே இடமில்லை, எனவே பழைய கிளையன்ட்டுக்கு ஃப்ரீலான்ஸாக ஒரு செய்திக்குறிப்பு எழுதி பில் போடுவதும் விதிமீறல். ‘ஊர் கிளையன்ட்தானே’ என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பதில் 5

போர்ட்ஃபோலியோ பற்றி யாரும் சொல்லவில்லை. ‘பத்திரிகைப் பத்தியில் இத்தனை சென்டிமீட்டர் செய்தி, விளம்பர விலையில் இவ்வளவு மதிப்பு’ என்ற கணக்கை எடுத்துவிடுங்கள். விளம்பர விலை பி.ஆரின் மதிப்பாகாது என்று பி.ஆர். அளவீட்டுக்கான 2010 பார்சிலோனா கோட்பாடுகளே ஒதுக்கிவிட்டன. அதைக் கண்டதும் நேர்காணல் செய்பவர் பக்கத்தை மூடிவிடுவார். செய்திக்குப் பிறகு என்ன மாறியது என்பதைக் காட்டுங்கள்: புகார் அழைப்புகள் குறைந்தனவா, பதிவுகள் கூடினவா.

செய்திக்குறிப்பிலும் திருத்த வேண்டியவை உண்டு. இலட்சம், கோடி வேண்டாம். ஒரு கோடி என்பது 10 மில்லியன். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல், இன்னொன்றில் மார்ச், ஆகவே மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். எம்பார்கோவுக்கு (குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனைக்கு) நேர மண்டலம் கட்டாயம், ஜிஎம்டி நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள். கடிகாரம் மாற்றும் வாரத்தில் ஒரு மணி நேரம் பிசகி, ஒரு நாட்டு ஊடகம் முந்திக்கொள்ளும். இன்னொன்று, எம்பார்கோ என்று தலைப்பில் அச்சடித்து அனுப்பினால் யாரும் கட்டுப்பட மாட்டார்கள். முதலில் கேட்டு, சம்மதம் என்று பதில் வந்த பிறகுதான் ஆவணத்தை அனுப்ப வேண்டும்.